முப்பது நாள் காவல்

அமலோற்பவம் மயினி தன் வாழ்நாளில் யாரையும் ‘போ’ என்று சொன்னதில்லை, அதனால்தான் அந்த வருடம் மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியில் எங்கள் சங்குத் தெருவுக்குள் ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள். பால்காரர் பாக்கெட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினாலும் ‘போயிட்டு வாங்க’, கரண்டு ஆபீஸ் ஆள் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாலும் ‘போயிட்டு வாங்க’, காய்ச்சல் விட்டுப்போனால் அந்தக் காய்ச்சலிடமும் அதே வார்த்தை. சாவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து புறப்படும்போது மட்டும் பழக்கதோஷத்தில் வந்துவிடுமோ என்று பயந்து மயினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே படியிறங்குவார், தெருவில் எல்லோரும் அதை அவருடைய துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மயினியின் ஒரே மகள் தெக்லாவுக்கு இருபத்தேழு வயது, அவள் வீட்டு வாசற்படியைத் தாண்டி நான்கு வருடமாகியிருந்தது. யாரும் அவளை அடைத்து வைக்கவில்லை. காலேஜ் முடித்து ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான், ஒரு நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, கைகால் விறைத்து, இதோ செத்துப்போகிறேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள், யாரோ பேப்பரால் விசிறினார்கள், டாக்டர் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். ஆனால் அந்த மத்தியானம் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் அவளோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது, அது முதலில் பஸ் ஸ்டாண்டைத் தின்றது, பிறகு மார்க்கெட்டை, பிறகு கோயிலை, பிறகு தெருமுனையில் மாதா சிலை நிற்கும் கெபியை, கடைசியில் வாசற்படியையும் தின்று முடித்து உள்ளே வந்து அவள் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. நான் எதிர்வீட்டு கஸ்பார், துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், மயினிக்குக் கொழுந்தன் முறை, அவளுக்குச் சித்தப்பா முறை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது, அதை மறைக்க எதற்காவது யாரையாவது சத்தம் போட்டு வைப்பேன்.

வீட்டிலிருந்தபடியே அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. எங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அதற்காகப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரோ வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே மூச்சு வாங்கியது, ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வந்து உட்காருவதற்குள் மயினி ஒரு டம்ளர் காப்பி குடித்து முடித்துவிடலாம். இன்னும் ஒரு தடவை பிந்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்த அன்றுதான் தெக்லா அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று புரோகிராம் பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

“யாரும்மா இவ்வளவு பேரு? நாம கூப்புடாமலே உள்ள வந்து உக்காந்துருக்காவ” என்றாள்.

மயினி பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். “கடையிலயே ஏத்தி அனுப்பிருப்பான். கல்யாணப் பொண்ணு கூட வார சனம் மாதிரி.”

“கல்யாணம் முடிஞ்சு வருசம் ஒண்ணாச்சு, இன்னும் கெளம்பலயே. ஒவ்வொருத்தரா எடுத்து விடுதேன்.”

ஊர் பேர் தெரியாத ஒரு வானிலைக்காரன், தனியாகச் சீட்டாடும் ஒருத்தன், எதையாவது கேளுங்கள் கேளுங்கள் என்று மூலையில் கண்சிமிட்டும் ஒரு உதவிக்காரி, சாமான் வாங்கச் சொல்லி நச்சரிக்கும் ஒருத்தன், என்ன வேலைக்கு வந்தோம் என்று தங்களுக்கே தெரியாத இரண்டு பேர், முப்பது நாளைக்கு மட்டும் இலவசம் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள்கூட யாரும் எழுப்பிவிடாத ஒரு வைரஸ் காவல்காரர். தெக்லா ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தாள், இயந்திரம் நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது, அவள் ஆமாம் என்று அழுத்தினாள், மயினி இறாலிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒவ்வொருவருக்கும் ‘போயிட்டு வாங்க’ என்று சொன்னார். ஏழாவது ஆளும் போனபோது மணி நாலு பத்து. அதற்குப் பிறகு இயந்திரம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து தெக்லா வாய்விட்டுச் சிரித்தாள், எதிர்வீட்டில் எனக்கே கேட்டது, என்ன விசேஷமோ என்று நான் வெளியே வந்து பார்த்தபோது மயினி வீட்டு வாசலில் ஏழு பேர் செருப்பில்லாமல் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

போயிட்டு வாங்க என்று சொன்னதால் போய்விட்டு வந்திருந்தார்கள். அதில் அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

மயினி கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தார், ஏழு பேர் என்றால் அரைப்படி அரிசி கூடப் போட வேண்டுமே என்றுதான் முதலில் யோசித்ததாகப் பிற்பாடு சொன்னார். எங்கள் தெருவில் கோயில் திருவிழாவுக்கு வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினால் வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்வது வழக்கம், அந்த வழக்கப்படியே அன்று ராச்சாப்பாட்டுக்கு முன்னால் ஏழு பேரையும் பிரித்துக்கொண்டோம். கோயிலிலிருந்து பங்குச்சாமி வந்து எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இவர்களுக்கு ஞானஸ்நானம் உண்டா இல்லையா என்று கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துவிட்டு, முதலில் சாப்பிடட்டும் என்று முடிவு சொன்னார். அதற்குமேல் யாரும் அவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்கவில்லை, எத்தனை நாள் இருப்பார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்களா, மீன் தின்பார்களா என்பதுதான் பேச்சு.

வானிலைக்காரன் உயரமாக, அந்த மே மாத வெயிலிலும் கம்பளிக்கோட்டும் கழுத்தில் மப்ளருமாக இருந்தான். அவனுக்கு யாரும் ஊரை மாற்றிச் சொல்லித் தராததால் எந்த ஊரிலோ நடப்பதையே சொல்லிக்கொண்டிருந்தான், “இன்று மூன்று டிகிரி, மாலையில் லேசான பனி பெய்யும், கையுறை அணிந்து செல்லுங்கள்.” கடலுக்குப் போகிறவர்கள் முதலில் அவனை வைத்துக் கேலி பண்ணினார்கள், பிறகு நன்னாரி சர்பத் கடைக்காரர் அவனைத் தன் கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார், வெயிலில் வெந்து வந்தவர்கள் ஒரு டம்ளர் சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பனி பெய்வதைப் பற்றிக் கேட்டுவிட்டு உடம்பு குளிர்ந்து போனார்கள். சீட்டுக்காரன் ஒரு வாரம் சுவரைப் பார்த்துத் தனியாகவே ஆடினான், எட்டாவது நாள் ஓய்வுபெற்ற நாலு பேர் அவனைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு போட்டபோது அவன் கண்கலங்கியதை நான் பார்த்தேன். உதவிக்காரியிடம் என்ன சொன்னாலும் “மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை, மறுபடியும் சொல்கிறீர்களா?” என்றுதான் சொல்வாள், எங்கள் தெருப் பெண்களுக்கு மாமியாரைப் பற்றியும் புருஷனைப் பற்றியும் மறுபடியும் சொல்லச் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை, ஆகவே அவள் இருந்த வீட்டில் சாயங்காலம் கூட்டம் நெரியும். என்ன வேலை என்று தெரியாத இருவரும் கோயில் மண்டபத்தில் நாற்காலி தூக்கினார்கள், நச்சரிப்பவனை ஜவுளிக்கடைக்காரர் வந்து மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனார். இப்படி யாருமே வேண்டாம் என்று நீக்கிய ஆட்கள் பத்தே நாளில் எங்கள் தெருவுக்கு இல்லாமல் முடியாத ஆட்களாகிப்போனார்கள்.

காவல்காரர் மட்டும் மயினி வீட்டு வாசலைவிட்டு நகரவில்லை. கருநீலச் சீருடை, நடுத்தர வயது, மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேடயம், அது பச்சையாக இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். மணிக்கொரு தரம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, “ஆராய்ந்தேன். ஆபத்து எதுவும் கண்டறியப்படவில்லை. இன்னும் முப்பது நாட்கள்” என்று அறிவிப்பார். மறுநாள் இருபத்தொன்பது. மீன்காரி கூடையை இறக்கினால் அதையும் ஆராய்ந்து “இந்தச் சாளை நேற்று முன்தினத்தியது” என்று சொல்லிவிடுவார், அந்த விஷயத்தில் மீன்காரிக்கும் அவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தெக்லா கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு அவரிடம் பேசினாள். நான் என் வாசலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“வாசல்ல ஒண்ணும் இல்லியா?”

“ஒன்றும் இல்லை.”

“படியில?”

“ஒரு எறும்புச் சாரை. ஆபத்து இல்லை.”

“என் நெஞ்சு அடிக்குது. அதப் பாருங்க.”

அவர் குனிந்து, ரொம்ப மரியாதையாக, ஒரு முழ தூரத்தில் காதை வைத்துக் கேட்டார். “ஆராய்ந்தேன். வேகமாக ஓடுகிறது. வேகமாக ஓடுவது ஆபத்து அல்ல.”

டாக்டர்கள் எத்தனை பேர் அதையே எத்தனை விதமாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் டாக்டர்கள் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள், இவர் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார், இன்னொரு தரம் கேட்டபோது இன்னொரு தரம் ஆராய்ந்தார், பதினேழு தரம் கேட்டாள், பதினேழு தரமும் முதல் தரம் கேட்பது மாதிரியே காதைக் கொடுத்தார். பதினெட்டாவது தரம் கேட்காமல் தெக்லா படியில் ஒரு காலை வைத்தாள், அப்புறம் அடுத்த காலை வைத்தாள். மயினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் வராமல் திரும்பப் போய் வெறும் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பயம் தின்றதை அவள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் கெபிவரை போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள், ஒன்பதாம் நாள் பலசரக்குக் கடை, பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை. காவல்காரர் மூன்றடி முன்னால் நடப்பார், ஷேர் ஆட்டோ, தெருநாய், சாக்கடை மூடி, எதிரே வரும் கல்யாணக் கூட்டம் எல்லாவற்றையும் இடமும் வலமும் ஆராய்வார், அவர் மார்பில் பச்சையைப் பார்த்துக்கொண்டு அவள் பின்னால் நடப்பாள். இருபதாம் நாள் மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்தாள், முற்றல் காய், நாலு வருடமாகக் காய் பொறுக்காத கை, ஆனாலும் மயினி அந்த முற்றல் முருங்கைக்காயைத் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார்.

இருபத்தோராம் நாள் செவ்வாய்க்கிழமை காவல்காரர் ‘இன்னும் ஒன்பது நாட்கள்’ என்று சொன்னபோதுதான் எங்களுக்குத் திக்கென்றது. ஒற்றை இலக்கம் வந்துவிட்டால் எல்லாமே வேறு மாதிரி கேட்கிறது. முப்பது முடிந்தால் என்ன ஆகும் என்று நான்தான் கேட்டேன், “முடிந்துவிடுவேன்” என்றார், நாளை மழை வரலாம் என்று சொல்வது மாதிரி சாதாரணமாக. மறுபடி இயந்திரத்துக்குள் ஏற்றினால் என்ன என்று கேட்டதற்கு, ஒரு முறை முப்பது நாள் கொடுத்தால் மறுமுறை கிடையாது என்றாள் தெக்லா. அவரைச் செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம் என்றால் அந்தக் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்களாம்.

“மயினி, அன்னைக்குச் சொன்ன மாதிரி ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்லிருங்களேன், திரும்பி வந்துருவாவல்லா” என்றேன்.

காவல்காரர்தான் பதில் சொன்னார். “நீக்கப்பட்டவர் திரும்பலாம். காலம் முடிந்தவர் திரும்ப முடியாது.”

தெக்லா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்த்த எங்களுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவர் போனால் அவளும் மறுபடி அந்த ஜன்னலுக்குப் பின்னால் போய்விடுவாள் என்பது தெருவில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அந்த வருத்தத்தில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது, என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனங்களில் அது இரண்டாவது, முதலாவது இங்கே வேண்டாம். அவர் நாளைத் தெரிந்துகொள்வது மயினி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் பார்த்துத்தான். அந்தத் தாளைக் கிழிக்காவிட்டால்?

மறுநாள் புதன்கிழமை எங்கள் சங்குத் தெருவில் ஒரு வீட்டிலும் காலண்டர் கிழிக்கப்படவில்லை. பேப்பர்காரரைத் தெருமுனையிலேயே மடக்கிப் பேப்பரை ஒளித்தோம், செவ்வாய்க்கிழமை சாம்பார் என்றால் மறுபடியும் சாம்பார் வைத்தோம், சீட்டு ஆடுகிறவர்கள் முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து அதே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள், வானிலைக்காரன்கூட நேற்றைய மூன்று டிகிரியையே சொன்னான். பங்குச்சாமியிடம் போய் விஷயத்தைச் சொன்னோம், “வெள்ளி, சனி வரைக்கும் கண்டுக்காம இருந்துருதேன். ஞாயித்துக்கிழமைய நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல கஸ்பார்” என்றார். காவல்காரர் அன்றும் ஒன்பது என்றார், வியாழக்கிழமையும் ஒன்பது என்றார், நாங்கள் ஆளுக்கு ஆள் கண்ணடித்துக்கொண்டோம்.

ஆனால் அவர் குழம்ப ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை என்று சுவர் சொல்கிறது, பால் பாக்கெட்டில் வேறு தேதி இருக்கிறது, நிலா நேற்று இருந்த இடத்தில் இல்லை, எதுவுமே எதோடும் பொருந்தவில்லை, பொருந்தாததெல்லாம் அவருக்கு ஆபத்து. மார்புக் கேடயம் சிவந்துவிட்டது. பூனையைப் பார்த்து ஆபத்து என்றார், கோயில் மணியைக் கேட்டு ஆபத்து என்றார், வியாழக்கிழமை சாயங்காலம் தெக்லா படியிறங்க வந்தபோது அவள் செருப்பைப் பார்த்தும் ஆபத்து என்று கையை விரித்து மறித்து நின்றார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது தெக்லா காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். “இப்படியே வச்சா இவிய எப்பவும் இருப்பாவளா சித்தப்பா?” என்று கேட்டாள்.

“இருப்பாவன்னுதான் நெனைக்கேன் மக்கா.”

“பயந்துக்கிட்டே இருப்பாவ.”

நான் சுவரில் இருந்த செவ்வாய்க்கிழமையைப் பார்த்தேன்.

“நாலு வருசம் நானும் அப்படித்தான் இருந்தேன். அது இருக்கது இல்ல, சித்தப்பா.” செவ்வாய், புதன், வியாழன் மூன்று தாளையும் ஒவ்வொன்றாகக் கிழித்தாள், கிழிக்கும்போது அழுதாள், அழுதுகொண்டே வாசலுக்கு வந்து தாள்களை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். மார்பில் சிவப்பு மெல்ல மெல்ல அணைந்து பச்சை வந்தது, ஒரு பெருமூச்சு விட்டார், அவர் மூச்சு விட்டு நாங்கள் கேட்டது அது ஒரு தரம்தான். “இன்னும் ஆறு நாட்கள்” என்றார். அவர் குரலில் அவ்வளவு நிம்மதி இருந்தது.

“சரி, அப்ப கெளம்புவோம். நமக்கு நேரம் இல்ல” என்று தெக்லா மூக்கைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

அந்த ஆறு நாளில் அவர்கள் நடந்த நடைக்கு அளவில்லை, உப்பளத்துப் பக்கம் போனார்கள், பழைய காலேஜ் வாசல்வரை போனார்கள், நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்கே போய் அவள் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் நின்றார்கள். அங்கே இப்போது ஒரு செல்போன் கவர் விற்கிறவர் கடை போட்டிருந்தார். காவல்காரர் தரையை ஆராய்ந்தார், கூரையை ஆராய்ந்தார், திருச்செந்தூர் போகிற பஸ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார், ஒன்றும் இல்லை என்றார். அவளுக்கு நெஞ்சு அடிக்கத்தான் செய்தது, அது அடித்துக்கொண்டிருக்கும்போதே பேரம் பேசி ஒரு கவர் வாங்கிவிட்டாள்.

முப்பதாம் நாள் வியாழக்கிழமை. நாலு பத்துக்கு முடியும். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று மயினியும் நாங்களும் சொல்லிப் பார்த்தோம், காவல்காரருக்கும் அதுதான் விருப்பம், காவல் முடியும்போது காக்கப்படுபவர் வீட்டுக்குள் இருப்பதே முறை என்றார். தெக்லா கேட்கவில்லை. மூன்று மணிக்கு இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள், எங்கள் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அங்கே நடந்ததை அவள் பிற்பாடு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர் கடலை அதுவரை பார்த்ததில்லை. கரையில் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

“கடலை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். நூற்றில் ஒரு பங்கு முடிந்தது.”

“எல்லாத்தையும் பாக்க முடியாதுங்க” என்றாள் தெக்லா.

“உங்களுக்கு முன்னால் இருக்கிறதே. பார்க்க வேண்டும்.” கொஞ்ச நேரம் கழித்து, “நூற்றில் இரண்டு பங்கு. இதுவரை ஆபத்து இல்லை. உள்ளே நிறைய மீன்கள் இருக்கின்றன, எல்லாம் புதியவை” என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “எங்கள விட்டுட்டுப் போறது உங்களுக்குக் கஷ்டமா இல்லியா?” என்று கேட்டாள்.

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தார். “அந்த இயந்திரத்துக்குள் என்னை யாரும் எழுப்பவில்லை. நீங்கள் பதினேழு முறை கேட்டீர்கள்.” பிறகு, “நூற்றில் மூன்று” என்றார், அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை, அவள் திரும்பிப் பார்த்தபோது மணலில் இரண்டு பாதத் தடமும் அதற்கு முன்னால் கடலும்தான் இருந்தன.

சங்குத் தெருவில் மணி நாலு பத்தைத் தாண்டியது. தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் வாசலில் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது, ஒருத்தர் துடைத்த சைக்கிளையே துடைத்தார், ஒருத்தி காய்ந்த துணியை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள், சீட்டு ஆடுகிறவர்கள் கையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு யாருமே இறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணி ஆனது. ஆட்டோ வைத்துப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று நான் எழுந்தேன், மயினி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். “நீங்க போனா, அவ வர முடியாதுன்னு நாம சொன்ன மாதிரி ஆயிரும்” என்றார், சொல்லிவிட்டு அவரே நாலு தரம் எழுந்து தெருமுனை வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினார். ஐந்தரை ஆனது, ஆறு ஆனது, கோயிலில் திரிகால மணி அடித்தது. மயினி வாசற்படியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தார், மாலையில் பத்து மணிகள் நகர்வதற்குள் அருள்நிறைந்த மரியே எங்கோ போய்விட்டது, தெக்லா தெக்லா என்று மகள் பேரைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே கடற்கரையில் அவள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பயம் வந்திருக்கிறது, அதே பழைய பயம், பஸ் ஸ்டாண்டில் வந்ததைவிடப் பெரிதாக, நெஞ்சை அடித்து, கையை விறைக்க வைத்து, வாயை உலர்த்தி. சோடா வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை, விசிற ஆள் இல்லை, காதைக் கொடுக்க ஆள் இல்லை. அவள் மணலைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு அது வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது வந்து, உச்சிக்கு ஏறி, அங்கே கொஞ்ச நேரம் நின்று, பிறகு தானாகவே இறங்கிப்போனது. இறங்கிப்போகும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது, ஒரு தடவைகூட அவள் அதை இறங்கும்வரை விட்டுப் பார்த்ததில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு நடந்தாள். வழியில் கூடப் படித்த ஒருத்தி கைக்குழந்தையோடு எதிரே வந்திருக்கிறாள், நாலு வருடக் கதை, நின்று பேசியதில் நேரம் போனது தெரியவில்லை, அப்புறம் பேக்கரியில் மக்ரூன் சூடாகப் போட்டிருந்தார்கள் என்று அங்கே ஒரு வரிசை.

ஆறே முக்காலுக்கு, தெருவிளக்கு போட்டபிறகு, தெருமுனையில் அவள் வந்தாள். தனியாக வந்தாள். முடியெல்லாம் காற்றில் கலைந்து, கால் முழுக்க மணல், கையில் ஒரு பொட்டலம், மற்றப் பெண்களெல்லாம் எப்படி வீட்டுக்கு நடந்து வருவார்களோ அப்படி நடந்து வந்தாள். எல்லோரும் அவளைப் பார்க்காத மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம், யாரையாவது சத்தம் போட வேண்டும் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது.

மயினி எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன்.

“எங்கட்டி போய்த் தொலைஞ்ச இம்புட்டு நேரம்? மணி என்ன ஆவுது தெரியுமா? வயசுப்பொண்ணு வீட்டுக்கு வார நேரமா இது? இங்க ஒருத்தி வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்காளேன்னு நெனப்பு இருக்கா ஒனக்கு?” என்று தெருவே அதிரக் கத்தினார், கத்தும்போதே கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது, நாலு வருடமாக மகளைப் பார்த்துச் சொல்ல வாய்க்காத அத்தனை வசவையும் ஒன்று விடாமல் சொன்னார், நாங்கள் யாரும் குறுக்கே போகவில்லை. என் வீட்டுக்காரி முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்டாள், உதவிக்காரி கூட ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெக்லா எல்லாவற்றையும் நின்று கேட்டாள். பிறகு பொட்டலத்தை அம்மா கையில் திணித்துவிட்டு, படியில் உட்கார்ந்து காலில் இருந்த மணலைத் தட்டினாள்.

“சும்மா கத்தாதம்மா. நாளைக்கு இன்னும் பிந்தும், சோத்த மூடி வச்சிட்டு நீ சாப்புடு.”